ஆய்வேடு யாருக்கு? ஆர்தர் லெவின் அறிக்கையும் கல்வித் தலைமைத்துவ முனைவர் பட்டமும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பள்ளித் தலைவர்களை உருவாக்கும் பட்டமேற்படிப்புகளை ஆராய்ந்து ஆர்தர் லெவின் 2005ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். எட்.டி. எனப்படும் கல்வி முனைவர் பட்டத்தை நீக்கிவிட வேண்டும் என்பது அதன் முதன்மையான பரிந்துரைகளுள் ஒன்று. அவ்வறிக்கை கண்டறிந்த குறைகளையும் அது கூறிய தீர்வையும் இக்கட்டுரை தனித்தனியே மதிப்பிடுகிறது. குறைகளைக் கண்டறிந்த பகுதி வலுவானது என்பதும், பள்ளித் தலைவரிடமிருந்து ஆய்வையே பிரித்துவிடும் அதன் தீர்வு பொருந்தாதது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: கல்வித் தலைமைத்துவம், கல்விக் கொள்கை, முனைவர் பட்டம், ஆர்தர் லெவின், ஊக்க ஊதியம், பணிசார் ஆய்வு.

முன்னுரை

ஒரு பள்ளியை நடத்துவதற்கு முனைவர் பட்டம் தேவையா என்ற வினா அமெரிக்கக் கல்வியியலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் தொழில்சார் பட்டம் எதற்கு என்பதில் ஐயம் எழுவதில்லை. கல்வித் தலைமைத்துவத்தில் பட்டம் பெறுவோர் ஆய்வாளராக வேண்டுமா, நிர்வாகியாக வேண்டுமா என்பதில் மட்டும் பல்கலைக்கழகங்களே தெளிவு கொள்ளவில்லை. இத்தெளிவின்மையை வெளிப்படையாக எடுத்துரைத்தது லெவினின் அறிக்கை. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றிய காலத்திலேயே அவர் அதனை வெளியிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. தாம் தலைமையேற்ற துறையையே அவர் குற்றம் சாட்டினார்.

துறையின் வரலாற்றுப் பின்னணி

கல்வி நிர்வாகத்தில் முனைவர் பட்டம் பெற்ற தொடக்க காலத்தவருள் எல்வுட் கபர்லி ஒருவர். அவர் 1905இல் கொலம்பியாவில் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் துறையை வளர்த்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1920இல் தனிக் கல்வியியல் பள்ளியைத் தொடங்கி, பிஎச்.டி.யிலிருந்து வேறுபட்ட பணிசார் பட்டமாக எட்.டி.யை வழங்க முற்பட்டது. ஆசிரியர் கல்லூரி 1934இல் அப்பட்டத்தை ஏற்றது.

ஆயினும் பெயர் மாறிய அளவுக்கு உள்ளடக்கம் மாறவில்லை. அக்காலத் துறையின் போக்கை ரேமண்ட் காலஹன் 1962இல் வெளியிட்ட நூலில் கடுமையாகச் சாடினார். வணிக உலகின் சிக்கனக் கோட்பாட்டுக்குப் பள்ளி நிர்வாகம் அடிபணிந்தது என்பது அவருடைய வாதம். பள்ளிக் கட்டடத்தின் குழாய் அமைப்பு, துப்புரவுப் பணி போன்ற பொருள்களில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழுதப்பட்டதை அவர் சான்றாகக் காட்டினார். கற்றல், கற்பித்தல் பற்றிய வினாக்கள் அவ்வகை ஆய்வேடுகளில் இடம்பெறவில்லை.

1950களில் இதற்கு எதிர்வினையாகக் கோட்பாட்டு இயக்கம் தோன்றியது. சமூக அறிவியல் முறைகளைக் கொண்டு எங்கும் பொருந்தும் நிர்வாக அறிவியலை உருவாக்க அவ்வியக்கம் முயன்றது. கனடாவைச் சேர்ந்த தாமஸ் கிரீன்ஃபீல்டு 1974இல் அதனை மறுத்தார். நிறுவனங்கள் மனிதருக்கு வெளியே தனித்து இயங்கும் பொருள்கள் அல்ல. அவற்றில் வாழ்வோரின் நோக்கங்களாலும் மதிப்பீடுகளாலும் ஆனவை என்பது அவருடைய நிலைப்பாடு. லெவின் அறிக்கையை மதிப்பிடுவதற்குக் கிரீன்ஃபீல்டின் இக்கருத்து பின்னர்ப் பயன்படும்.

அறிக்கை கண்டறிந்தவை

கல்வியியல் பள்ளிகளின் தலைவர்கள், பேராசிரியர்கள், முன்னாள் மாணவர்கள், பள்ளி முதல்வர்கள் ஆகியோரிடம் நடத்திய அளவாய்வுகளும் 28 கல்வியியல் பள்ளிகள், துறைகள் பற்றிய தனி ஆய்வுகளும் லெவின் அறிக்கைக்கு அடிப்படையாக அமைந்தன. நோக்கம், பாடத்திட்டத்தின் ஒருமை, பாடத்திட்டச் சமநிலை, ஆசிரியர் குழு, மாணவர் சேர்க்கை, பட்டங்கள், ஆய்வு, நிதி, தன்மதிப்பீடு என ஒன்பது அளவுகோல்களை அவர் வகுத்துக்கொண்டார். அவற்றின்படி பெரும்பாலான துறைகள் தகுதி குறைந்தவை என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த ஒன்பதில் நிதி பற்றிய பகுதியே அறிக்கையின் சிறந்த பகுதி எனலாம். அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் ஆசிரியரின் ஊதியம் பெரும்பாலும் பணி ஆண்டுகளையும் பெற்ற பட்டங்களையும் பொறுத்து உயர்கிறது. ஆகவே தலைமைப் பொறுப்பை நாடாத ஆசிரியர்களும் ஊதிய உயர்வுக்காகத் தலைமைத்துவப் படிப்பில் சேர்கின்றனர். அவர்களுக்குக் குறைந்த காலத்தில் எளிதாக முடியும் படிப்பே உகந்தது. பல்கலைக்கழகமோ அவர்கள் செலுத்தும் கட்டணத்தைப் பிற துறைகளுக்குத் திருப்பிவிடுகிறது. மாணவரைக் கவர்வதற்காக நிறுவனங்கள் ஒன்றையொன்று விஞ்சித் தரத்தைத் தளர்த்துகின்றன. தரக்குறைவுக்குத் தனிமனிதரின் சோம்பலைக் காரணமாக்காமல் ஊதிய அமைப்பையும் பல்கலைக்கழக வரவுசெலவையும் இணைத்துக் காட்டியமை லெவினின் தனிப் பங்களிப்பாகும்.

மிஷெல் யங்கும் உடன் எழுதியோரும் அதே ஆண்டில் மறுமொழி எழுதினர். அறிக்கையின் ஆய்வுமுறையில் குறைகள் உண்டு என்றும், அதற்கு முந்தைய ஆண்டுகளில் நிகழ்ந்த சீர்திருத்தங்களை அது போதிய அளவு கருதவில்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். அவ்வாதங்களில் நியாயம் உண்டு. எனினும் ஊதியத்துக்கும் தரத்துக்கும் இடையே லெவின் காட்டிய தொடர்பை அவை தகர்த்துவிடவில்லை.

தீர்வின் குறைபாடு

குறைகளைக் கண்டறிந்த லெவின் மூன்று மாற்றங்களை முன்வைத்தார். பள்ளித் தலைவருக்கு வணிக மேலாண்மைப் பட்டத்தை ஒத்த முதுநிலைப் பட்டம் போதும், எட்.டி. பட்டம் நீக்கப்பட வேண்டும், பிஎச்.டி. ஆய்வாளருக்கு மட்டுமே உரியதாக வேண்டும். முனைவர் பட்டம் பெற்றதால் ஒருவர் சிறந்த தலைவராகிறார் என்பதற்குச் சான்றில்லை என்பது இதற்கு அவர் கூறும் காரணம்.

இங்கு ஆய்வேடு, ஆய்வு ஆகிய இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்பட்டுள்ளன. நூலகத்தில் உறங்கும் ஐந்து இயல் ஆய்வேடு பள்ளி முதல்வருக்குப் பயன்படவில்லை என்றால், பயனற்றது அந்த வடிவம். தம் பள்ளியைத் தாமே முறையாக ஆராயும் திறன் அவருக்கு வேண்டாம் என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது.

ஒரு கருதுகோளால் இதனை விளக்கலாம். ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவருள் பலர் இயற்கணிதத்தில் தோல்வியடைகின்றனர் என்று கொள்வோம். பிற இடங்களில் நிகழ்ந்த ஆய்வுகளின் முடிவுகளை மட்டும் கற்ற முதல்வர், பரிந்துரைக்கப்பட்ட ஒரு திட்டத்தை வாங்கி நடைமுறைப்படுத்துவார். ஆய்வுப் பயிற்சி பெற்ற முதல்வர் முதலில் சில வினாக்களை எழுப்புவார். தோல்வியடைவோர் எந்தத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்தவர்? எந்தப் பாடவேளையில் வருகை குறைகிறது? எந்த ஆசிரியரிடம் எந்தப் பிரிவு மாணவர் ஒதுக்கப்படுகின்றனர்? இவ்வினாக்களுக்கான விடைகளை அப்பள்ளிக்குள்தான் தேட வேண்டும். நிறுவனம் அதில் வாழ்வோரால் ஆனது என்ற கிரீன்ஃபீல்டின் கருத்தை ஏற்றால், அதனை அறியும் பொறுப்பை வெளியிலுள்ள ஆய்வாளரிடம் முழுமையாக ஒப்படைக்க முடியாது. லெவினின் பகுப்பு ஒருவரை அறிவை உருவாக்குபவராகவும் மற்றவரை அதனை நுகர்பவராகவும் ஆக்கிவிடுகிறது.

மாற்று முயற்சிகள்

லீ ஷூல்மனும் உடன் எழுதியோரும் 2006இல் வெளியிட்ட கட்டுரை வேறொரு வழியைக் காட்டியது. பணிசார் முனைவர் பட்டத்தைக் கைவிடாமல், அதனைப் பிஎச்.டி.யின் நிழலிலிருந்து விடுவித்துப் புதிதாக வடிவமைக்க வேண்டும் என்பது அவர்களுடைய கருத்து. அதன் தொடர்ச்சியாக 2007இல் தொடங்கிய கார்னகி கல்வி முனைவர் பட்டத் திட்டம், மாணவர் தம் பணியிடத்தில் எதிர்கொள்ளும் சிக்கலையே ஆய்வுப் பொருளாக்கும் முறையை வளர்த்தது. ஹார்வர்டு 2010இல் கல்வித் தலைமைத்துவத்துக்கெனத் தனியானதொரு முனைவர் பட்டத்தைத் தொடங்கியது. அதன் மூன்றாம் ஆண்டில் மாணவர் ஒரு கல்வி அமைப்பில் பணியாற்றி, அப்பணியை ஆராய்ந்து எழுத வேண்டும். எட்.டி. பட்டத்தைத் தோற்றுவித்த அதே நிறுவனம் பின்னர் அதற்கான சேர்க்கையை நிறுத்திவிட்டு, ஆய்வாளருக்குப் பிஎச்.டி.யையும் தலைவருக்கு இப்புதிய பட்டத்தையும் வைத்துக்கொண்டது.

இம்முயற்சிகள் ஆய்வைத் தக்கவைத்து அதன் வினாவை மாற்றின. அவ்வகையில் லெவினின் தீர்வைவிட மேம்பட்டவை. எனினும் லெவின் சுட்டிய ஊதியச் சிக்கலை அவை தொடவில்லை. வட கரோலினா மாநிலம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. முதுநிலைப் பட்டத்துக்காக ஆசிரியருக்கு வழங்கிவந்த கூடுதல் ஊதியத்தை, இனிப் பட்டம் பெறுவோருக்கு இல்லை என்று 2013இல் சட்டமியற்றி நிறுத்தியது. பட்டத்தின் மீதான விலை நீங்கியது. பட்டத்தின் உள்ளடக்கம் பற்றி அச்சட்டம் ஏதும் கூறவில்லை. ஒரு சீர்திருத்தம் பாடத்தை மாற்றி ஊதியத்தை விட்டுவிட்டது. மற்றொன்று ஊதியத்தை மாற்றிப் பாடத்தை விட்டுவிட்டது.

தமிழ்நாட்டுச் சூழலில் இவ்வினா

அமெரிக்க விவாதத்தை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்த இயலாது. அங்குப் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி முதல்வராவதற்குத் தலைமைத்துவப் படிப்பும் உரிமமும் வேண்டும். இங்கு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பதவிக்குப் பணிமூப்பின் வழியிலான பதவி உயர்வே முதன்மையான பாதை. கல்வி நிர்வாகத்தில் தனிப்பட்டம் கோரப்படுவதில்லை. ஆயினும் ஊக்க ஊதியம் என்ற ஒரு புள்ளியில் இரு சூழல்களும் சந்திக்கின்றன. ஆசிரியர்கள் எம்.எட்., எம்.ஃபில். முதலிய பட்டங்களை நாடியதற்கு அவ்வூதிய உயர்வு ஒரு காரணமாக இருந்தது என்பதைக் கல்வியியல் துறைகளில் பயின்றோர் அறிவர். உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. பின்னர் அதற்கு மாற்றாக ஒருமுறை மட்டும் வழங்கும் தொகை அறிவிக்கப்பட்டது.

வட கரோலினாவின் பட்டறிவு இங்குப் பாடமாக அமையும். ஊதிய உயர்வு நீங்கிய இடத்தில் கல்வி நோக்கம் தானாக வந்து அமர்வதில்லை. பணியிலிருக்கும் ஆசிரியர் தம் வகுப்பறையையும் பள்ளியையும் விட்டு விலகி, எங்கோ திரட்டிய வினாத்தாள் தரவைக் கொண்டு ஆய்வேடு எழுதும் வழக்கம் தொடருமானால், அப்பட்டத்துக்குப் பணமும் காரணமாக இராது. பயனும் காரணமாக இராது. முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டுள்ள இக்கட்டுரையாளருக்கு இது பிறர் பற்றிய குற்றச்சாட்டு அன்று. தம் ஆய்வின் மீதும் எழுப்பிக்கொள்ள வேண்டிய வினா.

முடிவுரை

லெவின் அறிக்கை, பட்டத்தின் தரம் அதற்குக் கொடுக்கப்படும் விலையோடு பிணைந்தது என்பதை நிறுவுகிறது. பட்டத்தை நீக்கி ஆய்வை ஆய்வாளருக்கு மட்டும் ஒதுக்கும் அதன் தீர்வு, பள்ளித் தலைவரைப் பிறர் அறிவை நடைமுறைப்படுத்துபவராகச் சுருக்கிவிடுகிறது. பாடச் சீர்திருத்தமும் ஊதியச் சீர்திருத்தமும் தனித்தனியே நிகழும்போது ஒவ்வொன்றும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டில் ஊதியச் சீர்திருத்தம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. ஆசிரியரும் தலைமையாசிரியரும் தம் பள்ளியின் சிக்கலையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளவும், அவ்வாய்வைப் பல்கலைக்கழகம் தகுதியுடையதாக ஏற்கவும் வழிசெய்யும் பாட வரையறை இனி வகுக்கப்பட வேண்டும். அப்பொறுப்பு அரசுக்கு முன்பாகக் கல்வியியல் துறைகளையும் அவற்றின் நெறியாளர்களையும் சாரும்.