இருங்காட்டுக்கோட்டையில் இசட்எக்ஸ்-10ஆர்: முதல் டிராக் டே

கவாஸாகி நிஞ்சா இசட்எக்ஸ்-10ஆர் பைக்கைச் சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்வது அந்த வண்டிக்குச் செய்யும் அநியாயம். முதல் கியரிலேயே 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும். நான்குவழிச் சாலையில் பைக்குகளுக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகமோ 80 கி.மீ.தான். 998 சிசி, நான்கு சிலிண்டர், 13,200 ஆர்பிஎம்மில் 203 பிஎஸ் என்று விவரக்குறிப்பில் இருக்கும் எதையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பார்த்துவிட முடியாது. ஆகவே இதை ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் ஓட்டிப் பார்க்கத் தீர்மானித்தேன். எனக்கு அதுதான் முதல் டிராக் டே.

இந்தத் தடம் 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களைப் பற்றி மூத்தவர்கள் இன்றும் கண் மின்னப் பேசுவார்கள். அதன்பின் கிளப் தனக்கென்று கட்டிக்கொண்ட இடம் இது. நீளம் 3.717 கி.மீ., வளைவுகள் 12. ஓட்டுபவர்கள் அவற்றை சி1, சி2 என்று எண் சொல்லித்தான் அழைக்கிறார்கள். டிராக் டேயில் யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. அனுபவத்துக்கு ஏற்றபடி குழு பிரிக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் கால் மணி நேரம்போல ஓட்டிவிட்டு பிட்டுக்குத் திரும்ப வேண்டும். எதிரே வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, மணல் லாரி திடீரென்று திரும்பாது. இந்த ஒரு காரணத்துக்காகவே கட்டணம் தகும்.

முன் தயாரிப்பு எளிது, ஆனால் விட்டுவிடக் கூடாது. கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும், ஹெட்லைட்டுக்கு டேப் ஒட்ட வேண்டும். சாலைக்கு முன்சக்கரத்தில் 36, பின்சக்கரத்தில் 42 பிஎஸ்ஐ காற்று வைப்போம். டிராக்கில் டயர் சூடேறி அழுத்தம் தானாகவே ஏறும் என்பதால் 30-ஐ ஒட்டி இறக்கிக்கொள்வது வழக்கம். உடம்புக்கு ஒரே உருப்படியாகத் தைத்த லெதர் சூட், முதுகுக் கவசம், கணுக்கால் மூடிய பூட்ஸ் வேண்டும். சென்னை வெயிலில் இவ்வளவும் மாட்டிக்கொண்டு ஓட்டினால் வியர்த்துக் கொட்டிவிடும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சை ஜூஸோ குடியுங்கள். உடம்பில் நீர் குறைந்தால் முதலில் தளர்வது கவனம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரம் சிசி வண்டி என்றால் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறோம். டிராக்கில் என்னை உலுக்கியது பிரேக். 330 மி.மீ. இரட்டை டிஸ்க், பிரெம்போ எம்50 காலிப்பர். சாலையில் இந்த பிரேக்கின் முழுப் பிடியைத் தொட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

கணக்கைப் பாருங்கள். வேகம் இரட்டிப்பானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். நல்ல டயரும் காய்ந்த தார்ச்சாலையும் இருந்து 100 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 40 மீட்டர் பிடித்தால், 200-இல் 160 மீட்டர் பிடிக்கும். நேர்ப்பாதையின் முடிவில் 200-ஐத் தாண்டி வந்து வளைவுக்குமுன் வேகத்தைப் பாதியாக்கும்போது, அந்த ஆற்றலில் முக்கால் பங்கு கரைய வேண்டும்; அதில் பெரும்பகுதியை இந்த இரண்டு டிஸ்க்குகளும் காலிப்பர்களும்தான் வெப்பமாக மாற்றுகின்றன. அப்போது உடம்பு முன்னே சரியும். முழங்கால்களால் டேங்க்கை இறுக்கிக்கொண்டால்தான் கைகள் தளர்வாக இருக்கும், ஹாண்டில்பார் சுதந்திரமாகத் திரும்பும்.

லீவரைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. முதலில் மெல்ல அழுத்தினால் எடை முன்சக்கரத்துக்கு மாறும், ஃபோர்க் அமுங்கும், டயர் தரையில் அகலமாகப் பதியும். அதற்குப் பிறகு டயரின் பிடி தாங்கும் அளவுக்கு அழுத்தத்தைக் கூட்டலாம். வண்டி சாயச் சாய லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஈரத் துணியைப் பிழிய முறுக்குவதுபோல் அழுத்தம் சீராக ஏறி, சீராக இறங்க வேண்டும். இசட்எக்ஸ்-10ஆரின் லீவர் இதை அப்படியே விரலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை ஷோவா ஃபோர்க் வழியே கைகள் உணர்கின்றன. இந்த வண்டியின் ஆகச் சிறந்த குணம் இதுதான் என்பேன்.

இன்ஜின் கீழே சாது. ஏழாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழ் அது பொறுமையாகவே இழுக்கிறது. அனுபவசாலிகள் இதைக் குறையாகச் சொல்வார்கள், முதல்முறை வருபவருக்கு அது வரம். அதற்கு மேல் முள் ஏறினால் அடுத்த வளைவு நினைப்பதற்குள் வந்து நிற்கிறது. அதனால் முதல் சுற்றுகளுக்கு ரெயின் மோடில் போடுங்கள். சக்தி ஏறக்குறைய 60 சதவீதமாகக் குறைகிறது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் முன்கூட்டியே தலையிடுகிறது. அந்த 120 சொச்சம் பிஎஸ்ஸே புதியவருக்குத் தாராளம். தடம் மனதில் பதிந்தபின் ரோடு மோடுக்கு வரலாம். கிளட்ச் தொடாமல் கியர் மாற்ற உதவும் குயிக்‌ஷிஃப்டர் கியரைக் குறைக்கும்போதும் வேலை செய்வதால், மூளை ஒரு வேலையை மறந்து பாதையில் கவனம் வைக்க முடிகிறது.

பாதை என்றதும் பயிற்சியாளர் சொன்னது நினைவுக்கு வருகிறது. “சார், முன்னாடி போற வண்டியைப் பாக்காதீங்க. வளைவு எங்க முடியுதோ அங்க பாருங்க. கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும்.” சி1 போன்ற வேகமான வலது வளைவில் இது புத்திமதியாக இல்லாமல் உயிர்க்காப்பாகவே இருக்கிறது.

குறைகள் உண்டு. வளைவுகள் அடுத்தடுத்து மாறி வரும் இடங்களில் 207 கிலோ எடையைத் தோள்கள் கணக்கெடுக்கின்றன. சில சுற்றுகளிலேயே தொடை எரியத் தொடங்கும். ஜோனதன் ரே 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு உலக சூப்பர்பைக் பட்டங்கள் வென்றது இந்த வரிசை வண்டியில். அந்த உடற்தகுதி நமக்கு இல்லை என்பதை வண்டி மறைப்பதில்லை. ஓட்டக் கற்பதுதான் நோக்கம் என்றால், ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 போன்ற 38 பிஎஸ் வண்டி வேகமாகக் கற்றுத்தரும். அதில் த்ராட்டிலை முழுதாகத் திருக மனம் துணியும்.

டிராக்குக்காகவே புதிதாக வாங்குவதென்றால் என் ஓட்டு சின்ன வண்டிக்கு. ஆனால் இசட்எக்ஸ்-10ஆரோ அதற்கு இணையான வேறு லிட்டர் பைக்கோ ஏற்கெனவே வீட்டில் நிற்கிறதென்றால், ஈசிஆரில் அதிகாலை வேகம் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு டிராக் டேக்குப் பெயர் கொடுங்கள். போகுமுன் பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை.