கழற்றிய காதும் இடுப்புக்குப் போகும் கையும்

இரண்டாவது சரணம் முடிந்து, கூட்டம் சேர்ந்து பாடத் தொடங்கும் நேரம். மைக்கை வலது கையில் பிடித்தபடி, ஒரு பாடகர், மேடை இசையைக் காதுக்குள்ளேயே கேட்கவைக்கும் இன்-இயரை இடது காதிலிருந்து இழுத்துத் தோளோரம் தொங்கவிடுகிறார். திடலே அதிர்கிறது. "நம்ம குரலைக் கேட்கணும்னுதான் கழட்டுறாரு" என்று மறுநாள் ரீல்ஸ் எல்லாம் உருகுகின்றன.

அதற்குப் பிறகு நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. அதே இடது கை முதுகுப் பக்கம் போய், இடுப்பில் செருகிய ரிசீவரின் வால்யூம் குமிழைத் திருகுகிறது. அலசவேண்டியது அந்தத் திருகலைத்தான்.

ஒரே சத்தம் இரண்டு காதிலும் சேர்ந்து விழும்போது உரக்கக் கேட்கும். ஒன்றைக் கழற்றினால் மிச்சமிருக்கும் காதுக்குப் போதாது, கூட்டத்தான் வேண்டும். திறந்த காதிலோ டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் தடையில்லாமல் புகுகின்றன. 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மூன்று மணி நேரக் கச்சேரி எப்படித் தாங்கும்?

தாளமும் அடிவாங்குகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் ஓடும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் ஆம்பின் சத்தம் ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் பிந்தி வருகிறது. அதே கிட்டார் இன்-இயரில் முன்பே வந்துவிடுகிறது. கடைசிப் பாட்டுகளில் அவர் தாளத்துக்குப் பின்தங்குவதற்கு வயதைக் காரணம் சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கட்டும்.

அவர் சும்மா கழற்றவில்லை. காது அடைபட்டால் சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும். எதிரே ஆயிரக்கணக்கானோர் இருந்தும் கண்ணாடி அறைக்குள் நிற்பதுபோல் இருக்கும். இதற்கு மருந்து உண்டு. மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைத்து, அந்த ஆரவாரத்தை அளவோடு இன்-இயர் மிக்ஸில் கலப்பது. குரலின் அடித்தொனியையும் மிக்ஸில் கொஞ்சம் குறைத்தால் முழக்கம் ஓரளவு அடங்கும். இரண்டும், மேடையில் இருப்பவர்கள் கேட்கும் ஒலியைக் கலக்கும் மானிட்டர் பொறியாளரின் வேலை. அதற்குத் தனி ஆளே போடாத குழு பாடகரைக் குறைசொல்வது அநியாயம்.

குழுவின் இன்னொரு தவறு, பாதி மாற்றத்தோடு நின்றுவிடுவது. பாடகருக்கும் டிரம்மருக்கும் இன்-இயர் கொடுத்துவிட்டு, கிட்டார் ஆம்பை மேடை நடுவிலேயே முழங்கவிடுகிறார்கள். 1995-இல் ஜெர்ரி ஹார்வி என்ற மானிட்டர் பொறியாளர் ஒரு ராக் டிரம்மருக்காகச் செய்த இன்-இயரிலிருந்துதான் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. மேடை இரைச்சலைக் காதுக்கு வெளியே நிறுத்துவதே அந்தக் கருவியின் பலம். ஆம்பையும் வைத்துக்கொண்டு காதையும் திறந்துவிட்டால் அந்தப் பலம் வீண்.

கிட்டாரிஸ்டின் மறுப்பிலும் நியாயம் உண்டு. ஆம்பின் சத்தம் கம்பியை மீண்டும் அதிரவைத்து ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும் சுகம் இன்-இயரில் கிடைக்காது. ஆனால் அதற்கு ஒரு சின்ன ஆம்ப், அவர் பக்கம் மட்டும் திருப்பி வைத்தால் போதும். மற்றத் தொனிகளுக்கு, ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச்செய்யும் கெம்பர் (2011-இல் வந்தது) போன்ற கருவிகள் இருக்கின்றன.

இனி நடக்கப்போவது இதுதான். கைபேசியிலேயே அவரவர் மிக்ஸைச் சரிசெய்யும் டிஜிட்டல் மிக்ஸர்கள் பரவிவிட்டதால், கல்யாண மேடையின் மெல்லிசைக் குழுக்கள்கூட ஐந்தாறு ஆண்டுகளில் தரையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்களைக் குறைத்துவிடும். பெரிய குழுக்கள் ஆம்பை மேடைக்குப் பின்னால் அனுப்பும். அந்தப் பாடகரும் அடுத்த சுற்றுப்பயணத்தில் இரண்டு காதையும் கழற்றாமல் பாடுவார். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அது நடந்தால், கடைசி அரை மணி நேரத்தில் அவருடைய மேல் ஸ்தாயி முதல் பாட்டில் இருந்த அதே சுருதியில் நிற்கும்.