ஓப்பன்பாக்ஸ் எதை நம்மிடம் விட்டுவிடுகிறது?

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு அடிக்கடி சொல்லப்படும் பெயர் ஓப்பன்பாக்ஸ். நினைவகம் மிச்சமாகும் என்பார்கள். பாதிதான் உண்மை. இந்தச் சாளர மேலாளர் மிச்சம்பிடித்துத் தருவதை நாலு தாவல் திறந்த பிரவுசர் விழுங்கிவிடும். அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது: அமைப்புகள் அனைத்தும் படிக்கக்கூடிய உரைக்கோப்புகள். குறுக்குவிசைகளும் சாளர விதிகளும் ஆர்சி.எக்ஸ்எம்எல்லில், வலது சொடுக்கில் விரியும் பட்டியல் மெனு.எக்ஸ்எம்எல்லில், கூடவே தொடங்கவேண்டிய நிரல்கள் ஆட்டோஸ்டார்ட்டில். கணினி மாறினால் ஒரு கோப்புறையை நகலெடுத்தால் போதும்.

எக்ஸ்எம்எல் கையால் எழுத இதமானதல்ல. ஐ3 என்ற இன்னொரு சாளர மேலாளரில் ஒரே வரியில் முடிகிற குறுக்குவிசைக்கு இங்கே குறிச்சொல்லுக்குள் குறிச்சொல் அடுக்கவேண்டும். ஆனால் தவறினால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று ஓப்பன்பாக்ஸே சொல்லிவிடுகிறது.

ஆட்டோஸ்டார்ட் அப்படியல்ல. முதல் நுழைவில் வெறும் திரைதான். பணிப்பட்டைக்கு டிண்ட்2, பின்புலப் படத்துக்கு ஃபே என்று நாமே சேர்க்கவேண்டும். தொடர்ந்து ஓடும் நிரலின் வரியிறுதியில் '&' விட்டுப்போனால், அது மூடும்வரை அடுத்த வரிகள் காத்துக் கிடக்கும். ஏன் என்று எந்த அறிவிப்பும் வராது.

தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு இது இன்னும் உறைக்கும். க்னோம் மேசைச்சூழலில் அமைப்புகளுக்குள் போய்த் தமிழ்99-ஐச் சேர்த்தால் வேலை முடிந்தது. இங்கே உள்ளீட்டு நிரலான ஐபஸைத் தொடங்க ஒரு வரி. ஜிடிகே, க்யூடி, எக்ஸ் மூன்றுக்கும் தனித்தனிச் சூழல் மாறிகள். ஒன்றை மறந்தால் ஒரு செயலியில் தமிழ் வரும், பக்கத்துச் செயலியில் வராது. முழு மேசைச்சூழல் சத்தமில்லாமல் எவ்வளவு செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியும். 'எளிமை' என்று புகழ்கிறவர்கள் இந்த வேலையைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

வயதும் ஒரு குறை. 3.6.1 பதிப்பு வந்தது 2015-இல். அதுவும் பழைய காட்சி அமைப்பான எக்ஸ்11-க்கு மட்டும். நெடுங்காலம் இதை வைத்தே ஓடிய ராஸ்பெரி பை இயங்குதளம்கூட 2024-இல் எக்ஸ்11-க்கு மாற்றான வேலாண்டில் இயங்கும் லேப்டபிள்யூசி என்ற சாளர மேலாளருக்குப் போய்விட்டது. சுவையான விஷயம், லேப்டபிள்யூசியும் அதே ஆர்சி.எக்ஸ்எம்எல் வடிவத்தையே படிக்கிறது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் நேரே அங்கே போகலாம். பழைய ஆட்கள் குறுக்குவிசைகளைப் பெரும்பாலும் அப்படியே கொண்டுபோகலாம். டிண்ட்2 போன்ற எக்ஸ்11 துணைகளுக்கு மட்டும் மாற்று தேடவேண்டியிருக்கும்.