தனி வரியில் ஒரு புள்ளி

லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் நிரலை நிறுவி, சர்வரின் பெயரையும் எந்த டொமைனுக்கான மெயிலை ஏற்பது என்பதையும் நான்கைந்து வரியில் எழுதிவிட்டால் போதும். ருசி அதற்குப் பிறகுதான். டெல்நெட்டில் 25ஆம் போர்ட்டைத் தட்டினால் '220' என்று தன் பெயரைச் சொல்லி வரவேற்கிறது. நாமும் 'ஹெலோ' போட்டு நம் பெயரைச் சொல்ல வேண்டும். அனுப்புவது யார், பெறுவது யார் என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் '250' என ஒரு தலையசைப்பு. 'டேட்டா' என்றதும் 354: சொல்லுங்கள், கேட்கிறேன். கடிதத்தை அடித்து முடித்து, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டும்போது விரலுக்கே ஒரு நிறைவு. கிளம்பும்போது 221, 'பை'. இவ்வளவு மரியாதை தெரிந்த நிரல்கள் குறைவு.

இன்னொரு ஜன்னலில் மெயில் லாக் ஓடுவதைப் பார்ப்பது தனிச் சுகம். கிளீனப், க்யூமேனேஜர், எஸ்எம்டிபி என்று போஸ்ட்ஃபிக்ஸின் உள்நிரல்கள் ஒவ்வொன்றும் ஒரே வரிசை எண்ணைச் சொல்லிக் கடிதத்தைக் கைமாற்றுகின்றன. எதிர்முனை சர்வர் படுத்துக் கிடந்தாலும் பதற்றமில்லை. 'டிஃபர்ட்' என்று குறித்துக்கொண்டு சில நிமிடம் கழித்து மறுபடி முயல்கிறது. பிறகு இன்னும் இடைவெளி விட்டு மறுபடி. நாம் எதையும் மாற்றாவிட்டால், 5 நாள் பார்த்துவிட்டுத்தான், காரணத்தையும் எழுதி அனுப்பியவருக்கே திருப்பித் தருகிறது.