ஜாவா வலைச்சேவைகளில் தமிழ் எழுத்து இழப்பு

ஜாவா மொழி 1996இல் வெளியானபோதே அதன் சரங்கள் யூனிகோடில் அமைந்திருந்தன. அதனால் தமிழுக்கு அதில் சிக்கல் வராது என்று எண்ணுவது இயல்பு. அது பாதி உண்மையே. சரத்தைப் பைட்டுகளாக மாற்றும் 'கெட்பைட்ஸ்' செயற்கூறு, எந்தக் குறியாக்கம் என்று சொல்லாவிட்டால், அது ஓடும் கணினியின் இயல்பமைப்பையே எடுத்துக்கொண்டது. நிரலரின் கணினியில் ஒழுங்காக ஓடிய வலைச்சேவை, வழங்கிக்குப் போனதும் தமிழைச் சிதைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'தர்மபுரி' என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது 5 எழுத்து. யூனிகோடில் 8 குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 24 பைட்டுகள். லத்தீன்-1 குறியாக்கத்தில் அனுப்பினால் 8 கேள்விக்குறிகளே போய்ச் சேரும். பெயரை மீட்க வழியில்லை. மாறாக, யூடிஎஃப்-8இல் அனுப்பியதை லத்தீன்-1 எனப் படித்தால் 24 விநோதக் குறிகள் கிடைக்கும். பைட்டுகள் பத்திரமாக உள்ளன. படிக்கும் பக்கத்தைத் திருத்தினால் போதும். இரண்டிலும் பிழைச்செய்தி எதுவும் வராது, கொடுமை அதுதான். பயனாளியின் ஊர்ப்பெயர் தரவுத்தளத்தில் கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிடும்.

ஜாவாவின் பொருள் தொடராக்கத்தில் சரம் பழுதின்றிப் போகும். ஆனால் 'ரைட்யூடிஎஃப்' செயற்கூறு 65,535 பைட்டுகளைத் தாண்டாது. ஆங்கிலத்தில் அத்தனை எழுத்துகள், தமிழில் 21,845 குறியீடுகள் மட்டுமே.

யூடிஎஃப்-8ஐ எல்லா இயங்குதளங்களிலும் இயல்பாக்க ஜாவாவுக்கு 26 ஆண்டுகள் பிடித்தன. 2022இல் வந்த 18ஆம் பதிப்பில்தான் அது நடந்தது. முந்தைய பதிப்புகளில் ஓடும் சேவைகளில் குறியாக்கத்தை ஒவ்வோர் இடத்திலும் நிரலர்தான் எழுத வேண்டியிருக்கிறது.