அடுப்பங்கரையும் இடுகாடும்: ஒரு யூத ஓவியரின் சடங்குச் சித்திரங்களும் ஊவாத் தோட்டங்களும்

முறையான பயிற்சி பெறாதவர் வரையும் ஓவியங்களை 'வெகுளிக் கலை' எனப் பெயரிட்டு ஒதுக்கிவைப்பது கலை விமர்சகரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். இவ்வழக்கம் பொருந்தாது என்பதற்கு மேயர் கிர்ஷென்பிளாட் (1916–2009) வரைந்த யூதக் குடும்ப, சமூகச் சடங்கு ஓவியங்கள் தக்க சான்றாகும். பதுளை மாவட்டத்திலும் ஊவாவின் பிற தோட்டங்களிலும் வாழும் தமிழ்த் தொழிலாளரின் சடங்குகளை ஆராய முற்படுவோர்க்கு இவ்வோவியங்கள் உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு என்பது எமது கருத்து.

கிர்ஷென்பிளாட் போலந்தின் ஒப்பாத்துவ் என்னும் சிறு நகரில் பிறந்தவர். அந்நகர மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் யூதர். 1934இல் அவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 1942 அக்டோபரில் ஒப்பாத்துவ் யூதர்கள் திரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அழிக்கப்பட்டனர். தொரொன்டோ நகரில் வண்ணப்பூச்சும் சுவர்த்தாளும் விற்ற அவர், எழுபத்து மூன்றாம் வயதிலேயே தூரிகையைக் கையிலெடுத்தார். முதலில் வரைந்தது பிறந்த வீட்டின் அடுப்பங்கரை. நாட்டார் வழக்காற்றியலாளரான மகள் பார்பரா 1967 முதல் தந்தையிடம் கேட்டுப் பதிவு செய்துவந்த நினைவுகளும் அவருடைய ஓவியங்களும் இணைந்து 2007இல் நூலாயின.

அவரது ஓவியமொன்றில் வெள்ளுடை உடுத்திய சிறுவன் ஒருவன் காணப்படுகின்றான். முன்பிறந்த குழந்தைகளை இழந்த பெற்றோர், இறந்தோர்க்குரிய வெண்ணிற ஆடையை இவனுக்கு அணிவித்து, மரண தூதனை ஏமாற்ற முனைந்தனர். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அடுத்த பிள்ளைக்குக் 'குப்பை' என்றும் 'பிச்சை' என்றும் பெயரிடுவதும், மூக்குக் குத்தி 'மூக்கன்' என அழைப்பதும் நம்மவரிடையே வழங்கிய முறைகள். வறுமையிலும் நோயிலும் உழன்ற பெற்றோர் தம் அச்சத்தை ஆளத் தேடிய வழி இங்கும் அங்கும் ஒன்றாகவே அமைகின்றது.

'கறுப்புத் திருமணம்' என்னும் ஓவியம் இதனினும் ஆழமானது. கொள்ளைநோய் பரவியபோது, ஊரார் பணம் திரட்டி, ஆதரவற்ற ஆணையும் பெண்ணையும் இடுகாட்டில் மணமுடித்து வைத்தனர். அவ்வறச்செயலால் நோய் நீங்குமென நம்பினர். இந்நிகழ்ச்சி ஓவியர் பிறப்பதற்கு முன்னர் நிகழ்ந்தது. கேட்டறிந்ததையும் கண்டறிந்ததையும் ஒரே தெளிவுடன் அவர் வரைகின்றார். இச்சடங்கினை அறமென்று மட்டும் கொள்ளல் போதாது. ஊரின் அச்சத்தைச் சுமக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யார் என்பதே வினா. வறியவர்க்குக் கிட்டிய மணவாழ்வும் பிறர் நலனுக்குக் கருவியாகவே கிட்டிற்று. தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா எடுப்போரும் கொள்ளைநோயின் நினைவையே வழிபாட்டிற் காத்து வருகின்றனர். அங்கும் யார் செலவு செய்தனர், யார் தப்படித்தனர், யார் ஒதுங்கி நின்றனர் என்று கேட்டாலன்றிச் சடங்கின் சமூக உள்ளடக்கம் புலப்படாது.

கிர்ஷென்பிளாட்டின் ஓவியங்களில் தூரத்துப் பொருளும் அண்மைப் பொருளும் ஏறத்தாழச் சம தெளிவு பெறுகின்றன. இதனைப் பயிற்சிக் குறையென்பது எளிது. ஆயின் அழிந்துபோன ஊரை மீட்கத் துணிந்தவர்க்கு எப்பொருளும் பின்னணியன்று. பானையும் பாயும் மனிதரோடு ஒத்த இடத்தைப் பெறுகின்றன. அவரது பார்வைக்கு எல்லையும் உண்டு. பதினேழு வயதில் ஊர்விட்டகன்ற ஓர் ஆண்மகனின் நினைவு அது. சடங்குகளில் பெண்கள் சுமந்த உழைப்பும் அவர்தம் மன உலகும் அதில் முழுமையாக இடம்பெற இயலாது. ஒளிமிக்க வண்ணங்கள் அவ்வூரின் வறுமையை இனிய பழங்கதையாகக் காட்டிவிடும் அபாயமும் உண்டு.

ஊவாவின் நிலை வேறு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது இன அழிப்பின் வரலாறன்று. எனினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியதும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்ததும் குடும்பங்களைச் சிதறடித்தன. லயத்துக் காம்பராவில் ஒன்றாகப் பொங்கலிட்டவர்கள் கடலின் இருமருங்கிலும் பிரிந்தனர். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே புதைத்தது. மனிதருடன் அவர்தம் வீட்டின் ஒழுங்கும், விளக்கேற்றிய மாடமும் மறைந்தன.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலையகத்தாரின் பாடல்களைத் தேடித் தொகுத்தனர். மலையகத்திற் பிறந்து பயிற்சி பெற்ற இளம் ஓவியர்களும் இன்று உள்ளனர். ஆயினும் முதிய தொழிலாளி ஒருவர் தம் காம்பராவை, இஸ்தோப்பை, மகளின் பூப்புச் சடங்கை, மாசி மாதக் காமன் கூத்தைத் தம் கையாலேயே வரைவதற்கு நாம் எத்தகைய வாய்ப்பினை ஏற்படுத்தியுள்ளோம்? கிர்ஷென்பிளாட்டின் ஓவியங்களுக்கு முன்னே இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையுடன் கேட்ட ஒருவர் இருந்தார். கொழுந்து பறித்த கைகளுக்கும் சொல்ல வேண்டியவை உள. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் அம்முதியோரிடம் தாளையும் வண்ணத்தையும் கொண்டுசென்று, அவர்கள் சொல்வதைக் கேட்கும் பணியை இனியும் தாமதியாது மேற்கொள்ளல் வேண்டும்.