வாஷிங்டனில் ஒரு கறுப்புச் சுவர்

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருந்து, ஆறு மாதம் தங்கப் போனவர் என்றால் வாஷிங்டன் டி.சி.யைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சனிக்கிழமையில் 'முடித்து'விடுகிற ஊர். வெள்ளை மாளிகை வேலிக்கு முன்னால் ஒரு போட்டோ, விண்வெளி மியூசியத்தில் நிலாக்கல்லைத் தொட்டுப் பார்ப்பது, 555 அடி வாஷிங்டன் ஸ்தூபி, கடைசியாக லிங்கன். அதற்குள் கால் வலிக்க ஆரம்பித்து, 'காருக்குப் போயிடலாமா?'

அவசரப்படாதீர்கள். லிங்கனிலிருந்து கொஞ்ச தூரத்தில் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கான சின்னம் இருக்கிறது. தூரத்திலிருந்து கண்ணில் படும்படி எதுவும் உயர்ந்து நிற்காது. அதுதான் விசேஷமே.

தரைக்குள் சரிந்து இறங்கும் பாதை. ஒரு மூலையில் சேரும் இரண்டு சுவர்கள். ஒவ்வொன்றும் சுமார் 75 மீட்டர். ஓரத்தில் கணுக்கால் உயரம், மூலைக்குப் போகும்போது பத்தடி. பளபளப்பான கறுப்பு கிரானைட், நம்ம பெங்களூர்ப் பக்கத்துக் கல். அதில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள். பதவி, ஊர், சாதனை எதுவும் கிடையாது. அகர வரிசையும் இல்லை, இறந்த தேதி வரிசை. ஒரே நாளில் செத்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். படிக்கக் குனிந்தால் பெயர்களுக்கு நடுவே உங்கள் முகம் தெரியும்.

1981-ல் நடந்த போட்டிக்கு 1,421 வடிவங்கள் வந்தன. பெயரை மறைத்து நம்பர் மட்டும் போட்டு நடுவர்களிடம் கொடுத்தார்கள். ஜெயித்தது மாயா லின். யேல் மாணவி, வயசு 21, பெற்றோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். பெயர் தெரிந்த பின் ரகளை. 'கறுப்பு எதற்கு? சிலை எங்கே? கொடி எங்கே?' சுவர் 1982-ல் திறக்கப்பட்டது. சமரசமாக, மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலையை 1984-ல் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். மோசமான சிலை இல்லை. ஆனால் நாம் என்ன உணர வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. சுவர் எதுவும் சொல்லாது. பெயரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொண்டு போகிறார்கள். பூவும் கடிதமும் வைப்பது சுவரடியில்தான்.

கொஞ்சம் நடந்தால் 2004-ல் திறந்த இரண்டாம் உலகப் போர்ச் சின்னம். 56 தூண்கள், நீரூற்று, ஏகப்பட்ட பிரம்மாண்டம். இறந்த நாலு லட்சத்துச் சொச்சம் அமெரிக்கர்களுக்காக 4,048 தங்க நட்சத்திரங்கள். நட்சத்திரம் ஒன்றுக்கு நூறு பேர்! செலவு குறைவு என்னவோ வாஸ்தவம். ஆனால் எந்த அம்மா எந்த நட்சத்திரத்தைத் தொட்டு அழுவாள்? நம் நடுகற்களை வெட்டியவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. செத்தவனுக்குப் பெயர் வேண்டும்.

இத்தனை புகழ்ந்த பிறகு ஒரு மனக்குறை. அந்தச் சுவரில் ஒரு வியட்நாமியப் பெயர்கூட இல்லை. அமெரிக்கா தன் வீரர்களுக்குக் கட்டியது, அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். நியாயம். ஆனால் 1995-ல் வியட்நாம் அரசு சொன்ன கணக்கில் இறந்தவர்கள் படைவீரர்கள் 11 லட்சம், பொதுமக்கள் 20 லட்சம். இதே எழுத்தில், இதே நெருக்கத்தில் அவர்களுக்கும் சுவர் எழுப்பினால் சுமார் எட்டு கிலோமீட்டர் வரும். லிங்கனில் ஆரம்பித்தால் ஸ்தூபி, மியூசியம், நாடாளுமன்றம் எல்லாவற்றையும் தாண்டிப் போகும்.

1991-ல் கிறிஸ் பர்டன் என்ற அமெரிக்கக் கலைஞர் செப்புத் தகடுகளில் 30 லட்சம் வியட்நாமியப் பெயர்களைப் பொறிக்க முயன்றார். உண்மையான பட்டியல் கிடையாது. அதனால் டெலிபோன் டைரக்டரிப் பெயர்களை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பெயர்களை உற்பத்தி செய்தார். ஜெயித்தவர்களின் இறந்தவர்களுக்குப் பெயர்கூடக் கற்பனையில்தான் கிடைத்தது.

லிங்கனோடு திரும்பிவிடாதீர்கள். சுவரைப் பாருங்கள், கல்லைத் தொட்டு நாலு பெயர்களையாவது வாய்விட்டுப் படியுங்கள். சுவர் முடிகிற இடத்தில் நின்று, மிச்ச எட்டு கிலோமீட்டரையும் மனசுக்குள் நடந்து பாருங்கள். கால் வலித்தால் பரவாயில்லை.